போர்க்கோழியும் பனிக்கரடியும்: பாரிஸ் பள்ளிப் பிள்ளைகள் வரைந்த படங்களின் கதை



இந்த முறை உங்களுக்கு ஒரு கோழியின் கதை சொல்லப் போகிறேன். நூறு வருடத்துக்கு முன் பாரிஸ் பள்ளிப் பிள்ளை ஒன்று வரைந்த கோழி. அதற்கு முதல் நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லவேண்டும். அந்தப் பிழை இல்லாவிட்டால் இந்தக் கோழியை நான் தேடிப் போயிருக்கவே மாட்டேன்.

போன வருடம் கோடை விடுமுறை தொடங்கச் சில நாட்களுக்கு முன், லாச்சப்பலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தமிழ் வகுப்பில் ஓவியப் போட்டி வைத்தார்கள். தலைப்பு, காலநிலை மாற்றம். நடுவர்களில் நானும் ஒருத்தி. பத்தொன்பது படங்கள் வந்தன. அதில் பதினொன்றில் பனிக்கரடி இருந்தது. சின்னப் பனிக்கட்டி ஒன்றின் மேல் தனியாக நிற்கும் கரடி. மூன்று படங்களில் பூமிப்பந்து அழுதது, ஒரு பந்தின் வாயில் தெர்மோமீற்றரும் இருந்தது. எல்லாமே வடிவான படங்கள்தான்.

ஒரு படம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி வரைந்தது. சரிந்த சாம்பல் நிறக் கூரை, அதில் ஒரு குட்டி யன்னல். யன்னலுக்குள்ளே ஒரு பெண் கதிரையில் இருக்கிறாள். அவளுடைய இரண்டு கால்களும் ஒரு சிவப்பு வாளிக்குள் இருக்கின்றன. படத்தில் இருந்தது அவ்வளவுதான். "இது தலைப்புக்குள் வரவில்லை" என்று சொல்லி அந்தப் படத்தை ஒதுக்கி வைத்தது நான்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"உனக்கு ஞாபகம் இல்லையோ? நாங்களும் அப்படித்தானே இருந்தனாங்கள். நீ அந்த வாளிக்குள்ள இருந்து எழும்பமாட்டன் எண்டு அழுதனி."

2003 ஓகஸ்ட். அப்போது எனக்கு ஏழு வயது. லிப்ற் இல்லாத ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், கூரைக்கு நேர் கீழே ஒரே ஒரு அறையில் நாங்கள் இருந்தோம். கீழ்மாடியில் ஒரு பாட்டி தனியாக இருந்தாராம். அந்த நாட்களில் அம்மா தினமும் அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அந்த வெப்ப அலையில் பிரான்சில் கிட்டத்தட்ட 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். கூரைக்கு நேர் கீழே வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து அதிகமாக இருந்தது என்று பிறகு நடந்த ஆய்வுகள் காட்டின.

பாரிசின் சாம்பல் நிறக் கூரைகளை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவை துத்தநாகத் தகடுகளால் ஆனவை. அந்தக் கூரைகளைச் செய்யும் கைவினையை 2024 டிசெம்பரில் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. உலகமே வந்து படம் எடுக்கும் கூரைகள் அவை. ஆனால் யூலை மாதத்தில் அதன் கீழே படுத்திருப்பவருக்கு அது சூடேறிய தகரம்.

அந்தப் பிள்ளை வரைந்தது தலைப்புக்கு வெளியே இல்லை. தலைப்புக்குள் இருந்த ஒரே படமே அதுதானோ என்று அன்று இரவு யோசித்தேன். பனிக்கரடியை எங்கள் பிள்ளைகள் யாரும் நேரில் கண்டதில்லை. வாளியை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். அப்படியிருக்க, ஏன் எல்லோரும் கரடியை வரைந்தார்கள்? ஏன் நானும் கரடியைத் தேடினேன்? பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பெரிய விஷயங்களைச் சொல்வது எப்போது தொடங்கியது? இந்தக் கேள்விகளோடு றூ பஜோலில் இருக்கும் நூலகத்துக்குப் போனேன்.

அந்த இடத்தை உங்களில் பலருக்குத் தெரியும். மாணிக்க விநாயகர் கோவில் இருக்கும் அதே தெரு. அங்கே ரயில்பாதை ஓரமாக ஒரு பழைய சரக்குக் கொட்டகை இருந்தது. அதைத் திருத்திக் கட்டி 2013-இல் நூலகம், இளையோர் விடுதி, தோட்டம் எல்லாம் அமைத்தார்கள். அதன் பெயர் ஹால் பஜோல். கூரையில் ஏறத்தாழ 3,500 சதுர மீற்றர் அளவுக்குச் சூரிய மின்தகடுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே இருந்துதான் இந்தக் கதையைத் தேடத் தொடங்கினேன்.

வரைதல் ஒரு பாடமானது எப்படி?

1882 மார்ச் 28-இல் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. ஆறு வயது முதல் பதின்மூன்று வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி கட்டாயம் என்ற சட்டம். ஜூல் ஃபெரியின் பெயரோடு அதை வரலாற்று வகுப்பில் படித்திருப்பீர்கள். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்று அந்தச் சட்டம் சொல்லும் பாடங்களின் பட்டியலிலேயே வரைதலும் இருக்கிறது. பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றில்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும்.

ஆனால் அன்றைய வரைதல் பாடம் சலிப்பாகத்தான் இருந்திருக்கும். முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, பிறகு வடிவங்கள், அதற்குப் பிறகு சாந்தில் செய்த சிலை மாதிரிகள். வரைதல் என்பது கணக்கின் தங்கை என்று நினைத்த காலம் அது. 1909-இல்தான் இது மாறியது. காஸ்தோன் கெனியூ என்ற வரைதல் ஆசிரியர் முன்னின்று நடத்திய சீர்திருத்தம் வேறு மாதிரிச் சொன்னது. பிள்ளை தன்னைச் சுற்றி இருப்பதைப் பார்க்கட்டும். இலையை, பறவையை, வீட்டுச் சாமானைப் பார்த்து, நிறத்தோடு, தனக்குத் தோன்றியபடி வரையட்டும் என்றது.

இந்த இரண்டு வருடங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1882, 1909. இனித்தான் கோழி வரப் போகிறது.

கோழி வந்த கதை

1914-இல் முதலாம் உலகப்போர் தொடங்கியது. பிரான்சின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த நல்ல விளைநிலங்களின் ஒரு பகுதி ஜேர்மன் படையின் கையில் போனது. வயலில் வேலை செய்த ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். கோதுமை, சீனி, நிலக்கரி எல்லாமே குறைந்தன. 1917-இல் சீனிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. 1918 ஜனவரியில் பாரிஸில் பாணுக்கும் அட்டை வந்தது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 கிராம்.

சிக்கனமாக இருங்கள் என்று மக்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக ஒரு தேசியக் குழு இருந்தது. பெரிய ஓவியர்கள் பலர் அப்போது போர்ச் சுவரொட்டிகள் வரைந்துகொண்டிருந்தார்கள். இந்தக் குழு பள்ளிக்கூடங்களில் போட்டி வைத்தது. பாரிஸ் பள்ளிப் பிள்ளைகள் வரைந்தவற்றில் நல்லவற்றைத் தேர்ந்து, அச்சடித்து, வெளியிட்டது.

லூயிசெற் யேகர் என்ற மாணவி காய்கறிகளை வரைந்து, எங்கள் தோட்டத்தைப் பயிரிடுவோம் என்று எழுதினாள். அந்ரே மெனார் என்ற மாணவி, போர்முனைக்கு வெளியே இருப்பவர்கள் புகையிலையைக் குறைத்தால்தான் படைவீரருக்குக் கிடைக்கும் என்று வரைந்தாள். இன்னொரு பிள்ளை, பாணுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு சாப்பிடச் சொன்னது.

கோழியை வரைந்தது டூவான் என்ற பிள்ளை. அந்தக் கோழி தன்னைத்தானே அறிமுகம் செய்கிறது. தான் ஒரு நல்ல போர்க்காலக் கோழியாம், கொஞ்சமாகத் தின்று நிறைய முட்டை தருமாம். படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரும். சிரித்த பிறகும் அது மனதில் நிற்கும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இந்தப் படங்கள் இருக்கின்றன. வீட்டில் இருந்தே பார்க்கலாம்.

1918-இல் பள்ளியில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் 1909-க்குப் பிறகு வந்த புதிய முறையில் வரையப் பழகியவர்கள். அதனால்தான் அந்தக் கோழி உண்மையான கோழி மாதிரி இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தேசம், வீரம், தியாகம் என்ற பெரிய சொற்களை அந்தப் பிள்ளைகள் வரையப் போகவில்லை. தாங்கள் கண்ட கோழியையும் கிழங்கையும் வரைந்தார்கள். போர் ஒவ்வொரு வீட்டின் குசினிக்குள்ளும் எப்படி வந்திருக்கிறது என்பதை அந்தப் படங்கள் காட்டின.

அம்மா கேட்ட கேள்வி

இந்தச் சுவரொட்டிகளை அம்மாவுக்குத் திரையில் காட்டினேன். நேரம் எடுத்துப் பார்த்தார். பிறகு யாழ்ப்பாணத்தில் தன் படிப்புக் காலத்தைப் பற்றிச் சொன்னார். 1990-களில் பொருளாதாரத் தடை இருந்த காலம். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் யானை விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில் படித்திருக்கிறார். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டிருக்கிறார்கள்.

"சிக்கனமா இரு எண்டு எங்களுக்கு ஒருத்தரும் படம் கீறிக் காட்டேல்லை. இல்லாததை எப்படிச் செலவழிக்கிறது?" என்றார். பிறகு கேட்டார்: "இந்தப் படங்களில கோழி இருக்கு, கிழங்கு இருக்கு. சண்டை ஏன் வந்தது எண்டு எங்க இருக்கு?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அம்மா சொன்னது சரி. நான் பார்த்த அந்தச் சுவரொட்டிகளில் எல்லாம் சேமிக்க வேண்டியது வீட்டில் இருப்பவர்தான். பாண் ஏன் இல்லாமல் போனது, யார் எடுத்த முடிவால் போனது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பிள்ளைகளிடம் தூரிகையைக் கொடுத்த பெரியவர்கள், என்ன சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள்.

இன்றைக்கும் இது நடக்கலாம். லைற்றை அணை, தண்ணீரை மூடு, பிளாஸ்ரிக் பையை எறியாதே என்று பிள்ளைகளை வரையச் சொல்கிறோம். அவை நல்ல பழக்கங்கள்தான். ஆனால் ஏழாவது மாடியில் காலை வாளிக்குள் வைத்திருக்கும் ஒரு அம்மாவிடம் போய், பூமியைக் காப்பாற்ற லைற்றை அணையுங்கள் என்று சொன்னால், சூட்டை உண்டாக்கியவர் அவர் என்பது போல ஆகிவிடாதா?

பந்தியோனில் இரண்டு முறை

ஐந்தாம் வட்டாரத்தில் பந்தியோன் என்ற பெரிய மண்டபம் இருக்கிறது. 1851-இல் லியோன் ஃபூக்கோ என்ற விஞ்ஞானி அதன் கூரையில் 67 மீற்றர் நீளமான கம்பியைக் கட்டி, 28 கிலோ எடையுள்ள ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். குண்டு ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்புவதை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். உண்மையில் திரும்பியது அவர்கள் நின்ற பூமி. பூமி சுற்றுகிறது என்று அதற்கு முன்பே எல்லோரும் படித்திருந்தார்கள். அன்றுதான் அதைக் கண்டார்கள்.

அதே பந்தியோனுக்கு வெளியே, 2015 டிசெம்பரில் பன்னிரண்டு பெரிய பனிக்கட்டிகளை வட்டமாக வைத்தார்கள், மணிக்கூட்டின் இலக்கங்கள் மாதிரி. ஓலாஃபர் எலியாசன் என்ற கலைஞரும் மினிக் ரோசிங் என்ற புவியியலாளரும் சேர்ந்து செய்த வேலை அது. கிரீன்லாந்தின் பனிப்பாளத்தில் இருந்து உடைந்து கடலில் மிதந்துகொண்டிருந்த கட்டிகளைக் கப்பலில் கொண்டுவந்திருந்தார்கள். அந்த நாட்களில்தான் பாரிசுக்கு வெளியே லு பூர்ஷேயில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது. டிசெம்பர் 12-இல் அங்கே பாரிஸ் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. பூமி சூடாவதை 2 பாகைக்கு நன்றாகக் கீழே வைத்திருக்க வேண்டும், முடிந்தால் 1.5 பாகையில் நிறுத்தப் பாடுபட வேண்டும் என்று நாடுகள் அதில் ஒத்துக்கொண்டன.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ஒரு கட்டியில் காதை வைத்துக் கேட்டான். "அக்கா, உள்ளுக்குள்ள ஏதோ வெடிக்குது" என்றான். பழைய பனிக்குள் அகப்பட்டிருந்த காற்றுக் குமிழிகள், பனி உருக உருக வெளியே வரும் சத்தம் அது. கிரீன்லாந்து உருகுகிறது என்று அவன் பள்ளியில் படித்திருந்தான். அன்று அவனுடைய காது நனைந்தது. இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைப்பான்.

பனிக்கரடி படத்துக்கும் அந்தப் பனிக்கட்டிக்கும் வித்தியாசம் இதுதான். இரண்டும் தூர இடத்துச் செய்திதான். ஆனால் ஒன்றை நாங்கள் வேறொரு படத்தைப் பார்த்து வரைகிறோம், மற்றதைக் கையால் தொட்டோம்.

காரணத்தையும் வரைவது

அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு பாதிப் பதில் அதே 2015-இல் பிரான்சிலேயே பிறந்தது. செட்ரிக் ரிங்கன்பாக் என்பவர் ஒரு விளையாட்டை உருவாக்கினார். அதன் பெயர் ஃப்ரெஸ்க் டு கிளிமா. காலநிலைச் சுவரோவியம் என்று சொல்லலாம். மொத்தம் 42 அட்டைகள். உலக விஞ்ஞானிகளின் காலநிலைக் குழு வெளியிடும் அறிக்கைகளில் இருந்து எடுத்த விஷயங்கள் அவற்றில் இருக்கின்றன. புதைபடிவ எரிபொருள், காடழிப்பு, கரியமில வாயு, கடல்மட்டம், வெப்ப அலை, விளைச்சல் குறைவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை.

ஒரு சிறு குழு மேசையைச் சுற்றி நின்று, எது எதற்குக் காரணம் என்று கதைத்துக் கதைத்து ஒரு பெரிய தாளில் அட்டைகளை அடுக்கவேண்டும். பிறகு அம்புக்குறி போட்டு, நிறம் தீட்டி, படம் வரைந்து, அதற்கு ஒரு பெயர் வைக்கவேண்டும். சிறுவர்களுக்கென்று எளிய வடிவமும் இருக்கிறது. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த அம்புக்குறிதான். வாளிக்குள் கால் வைத்திருக்கும் அம்மாவில் இருந்து பின்பக்கமாகக் கோடு இழுத்துக்கொண்டே போகலாம். சூடான கூரை, வெப்ப அலை, காற்றில் கூடிய வாயு, எண்ணெயும் நிலக்கரியும், அதை எரிக்கும் தொழிற்சாலையும் விமானமும் வாகனமும். கடைசியில் பார்த்தால் அந்த அம்மா கோட்டின் ஒரு நுனியில் இருக்கிறார், எரிக்கிறவர்களில் பெரியவர்கள் மறு நுனியில் இருக்கிறார்கள். 1918-இன் சுவரொட்டிகளில் இந்தக் கோடு இல்லை.

படத்துக்குப் பதில் கிடைத்தபோது

மிச்சப் பாதிப் பதில் பள்ளிக்கூட முற்றத்தில் இருக்கிறது. பாரிஸில் பள்ளி முற்றங்களை எல்லாம் சேர்த்தால் 70 ஹெக்டேருக்கும் மேல் வரும். அவற்றில் பெரும்பகுதி கறுப்புத் தார். தார் பகலில் சூட்டைக் குடித்து, மாலையிலும் இரவிலும் அதைத் திருப்பித் தரும். 2019 யூலை 25-இல் பாரிஸில் 42.6 பாகை பதிவானது. அதுதான் இந்த நகரத்தின் உச்ச வெப்பநிலைப் பதிவு.

2018-இல் இருந்து நகரசபை இந்த முற்றங்களை மாற்றத் தொடங்கியது. ஓயாசிஸ் முற்றங்கள் என்று பெயர். தாரை உடைத்து எடுத்துவிட்டு, மழைநீர் இறங்கும் வெளிர் நிறத் தரை, மண், மரச்சீவல், மரங்கள், செடிகள், நிழல் வைக்கிறார்கள். சில முற்றங்களைச் சனிக்கிழமைகளில் அயலவர்களுக்கும் திறந்துவிடுகிறார்கள்.

இந்த மாற்றத்தைத் திட்டமிடும்போது பிள்ளைகளையும் பட்டறைகளில் சேர்த்துக்கொள்கிறார்கள். தங்கள் முற்றத்தைப் பார்த்து, எங்கே என்ன வேண்டும் என்று பிள்ளைகள் வரைகிறார்கள், மட்டையிலும் களிமண்ணிலும் மாதிரி செய்கிறார்கள். பெரியவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லும் படமில்லை இது. பிள்ளைக்குத் தெரிந்ததைப் பெரியவருக்குச் சொல்லும் படம். எந்த மூலையில் வெயில் சுடும், மதிய இடைவேளையில் யார் எங்கே ஒதுங்குவார்கள் என்பதெல்லாம் கட்டடக் கலைஞருக்குத் தெரியாது. அங்கே தினமும் விளையாடும் பிள்ளைக்குத்தான் தெரியும்.

நூற்றுக்கும் மேற்பட்ட முற்றங்கள் இதுவரை மாறியிருக்கின்றன. இன்னும் பல முற்றங்கள் தாராகவே இருக்கின்றன. துத்தநாகக் கூரைக்குக் கீழே இருக்கும் அறைகளும் அப்படியேதான் இருக்கின்றன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கோழியில் இருந்து முற்றம் வரை ஒரு தூரம் வந்திருக்கிறோம். அன்று பிள்ளை வரைந்தது, பெரியவர்கள் சுவரில் ஒட்டினார்கள். இன்று பிள்ளை வரைகிறது, பெரியவர்கள் தாரை உடைக்கிறார்கள்.

மறுபடியும் அந்த வாளி

விடுமுறைக்கு முதல் கடைசி வகுப்புக்கு நான் போனேன். அந்தப் பிள்ளையிடம், "உன் படத்தை எனக்கு விளங்கப்படுத்துவாயா?" என்று கேட்டேன். முதலில் வெட்கப்பட்டாள். பிறகு மளமளவென்று சொன்னாள். அவளுடைய அம்மா இரவு வேலை முடிந்து பகலில்தான் நித்திரை கொள்ளவேண்டுமாம். சூட்டில் நித்திரை வராதாம். வாளித் தண்ணீரை மாற்றிக் கொடுப்பது இவளுடைய வேலையாம். யன்னலை ஏன் அவ்வளவு சின்னதாகக் கீறினாய் என்று கேட்டேன். "அது அவ்வளவுதான் இருக்கு அக்கா" என்றாள்.

எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பரிசு கொடுத்து முடிந்துவிட்டது, அதை மாற்ற முடியவில்லை. படத்தைச் சுவரின் நடுவில் ஒட்டினோம். பிறகு எல்லோரும் ஒரு புதுத் தாள் எடுத்தோம். பனிக்கரடி வரைந்த ஒரு தம்பி, லாச்சப்பல் மெற்றோப் பாலத்துக்குக் கீழே நிழலில் மரக்கறிப் பெட்டிகளோடு நிற்கும் தன் மாமாவை வரைந்தான். இன்னொருத்தி தன் பள்ளி முற்றத்தில் இருக்கும் ஒரே மரத்தையும், அதன் நிழலுக்குள் முட்டிக்கொண்டு நிற்கும் முப்பது பிள்ளைகளையும் வரைந்தாள்.

நீங்களும் இந்தக் கிழமை ஒரு படம் வரைந்து பாருங்கள். வரைவதற்கு முன் மூன்று கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். என் வீட்டில், என் தெருவில், நான் கண்ணால் கண்டது என்ன? அது ஏன் அப்படி இருக்கிறது? இதை மாற்றக்கூடியவர் யார்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால், படத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் உங்கள் பள்ளி அதிபராக இருக்கலாம், நகரசபையில் இருப்பவராக இருக்கலாம். கொடுக்கும்போது, அது என்ன படம் என்று வாயாலும் சொல்லுங்கள். என்னைப் போல ஒருவர் அதை ஒதுக்கி வைத்துவிடாமல் இருக்க அது உதவும்.